ஹெர்மிஸ் மூழ்கிய காலையும் மோர்ஸ் அட்டவணையில் விடுபடும் எழுத்துகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஹெர்மிஸ் கப்பலை நம்ம பக்கத்தில் தெரியாதவர் குறைவு. பாலமீன்மடு வெளிச்சவீட்டிலிருந்து பார்த்தால் சில மைல் தூரத்தில், 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. வெளிநாட்டுச் சுழியோடிகள் வருகிறார்கள், இறங்கிப் பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். விமானம் தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு உலகில் முதன்முதல் வடிவமைக்கப்பட்ட கப்பல் அதுதான் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் அது மூழ்குவதற்குச் சற்று முன்னால் நம்ம கடலுக்கு மேலே ஆகாயத்தில் ஒரு செய்தி போனது. அது எந்த எழுத்தில் போனது என்று யாரும் பேசுவதில்லை. தமிழை மோர்ஸ் குறியாக மாற்ற ஒரு கணினிப் புரோகிராம் எழுதலாமா என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பாதி விடை அந்தச் செய்தியில் இருக்கிறது.

முதலில் கப்பல்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்த இலக்கு திருகோணமலை என்று பிரித்தானியர் ஊகித்தார்கள். ஆகவே 8ஆம் திகதி இரவு துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஹெர்மிஸும் அதற்குத் துணையாக அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் கரையோரமாகத் தெற்கே வந்தன. 9ஆம் திகதி வியாழக்கிழமை காலை திருகோணமலையில் குண்டு விழுந்தபோது இரண்டும் நம்ம கடலில்தான் நின்றன. ஏறக்குறைய 9 மணிக்கு ஹருனா என்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் உளவு விமானம் ஒன்று அவற்றைக் கண்டுவிட்டது. கண்டதை உடனே வானொலித் தந்தியில் அடித்தது.

அந்தச் செய்தியைப் பிரித்தானியர் இடைமறித்துக் கேட்டார்கள். உடனே திருகோணமலைக்குத் திரும்பு, முழு வேகத்தில் வா என்று ஹெர்மிஸுக்குக் கட்டளை போனது. காவலுக்கு விமானம் அனுப்பவும் முயன்றார்கள். ஆனால் செய்தித் தொடர்பில் ஏற்பட்ட குழப்பத்தால் அவை நேரத்துக்கு வந்து சேரவில்லை. விமானம் தாங்கிக் கப்பல் என்று பெயர், அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. எல்லாம் கரையில் நின்றன. 10.30க்குப் பிறகு எண்பதுக்கும் மேற்பட்ட குண்டு விமானங்கள் வந்தன. சொற்ப நேரத்தில் கப்பல் போய்விட்டது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். வம்பயரும் மூழ்கியது. ஹொலிஹொக் என்ற சிறிய காவற் கப்பலும் இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் அன்றே தாழ்ந்தன. தப்பியவர்களில் பெரும்பாலோரை வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏற்றிச் சென்றது.

இனி அந்தச் செய்திக்கு வருகிறேன். இளையவர்களுக்காக ஒரு விளக்கம். மோர்ஸ் என்பது எழுத்துகளைக் குறுகிய ஒலியாகவும் நீண்ட ஒலியாகவும், அதாவது புள்ளியாகவும் கோடாகவும் மாற்றி அனுப்பும் முறை. ஆங்கில 'ஈ' ஒரேயொரு புள்ளி. 'ரீ' ஒரேயொரு கோடு. 'ஏ' என்றால் ஒரு புள்ளி, ஒரு கோடு. எந்த எழுத்துக்கு எந்தக் குறி என்று ஓர் அட்டவணை உண்டு. அனுப்புபவரிடமும் கேட்பவரிடமும் அதே அட்டவணை இருந்தால் வேலை முடிந்தது.

ஜப்பான் கடற்படை ஆங்கில அட்டவணையைப் பாவிக்கவில்லை. ஜப்பானியரிடம் கனா என்ற அசை எழுத்துகள் இருக்கின்றன. 'க' ஒரு எழுத்து, 'கி' இன்னொரு எழுத்து, 'கு' இன்னொன்று என்று நம்முடைய உயிர்மெய் மாதிரித்தான். அந்தக் கனாவுக்கென்றே அவர்கள் தனி மோர்ஸ் அட்டவணை செய்து வைத்திருந்தார்கள். அதில் ஒற்றைப் புள்ளி 'ஹே', ஒற்றைக் கோடு 'மு'. புள்ளி, கோடு, புள்ளி, புள்ளி என்று ஒலித்தால் ஆங்கிலம் படித்த தந்திக்காரர் 'எல்' என்று எழுதுவார். ஜப்பானியருக்கு அது 'க'. ஆகவே சாதாரண மோர்ஸ் தெரிந்த ஒருவர் அந்த அலைவரிசையைக் கேட்டால் ஒலி கேட்கும், ஆனால் கையில் வருவது குப்பை.

அதனால் பிரித்தானியர் தங்கள் ஆட்களுக்குக் கனா மோர்ஸை வேலை மெனக்கெட்டுப் பழக்கினார்கள். சிங்கப்பூரில் இருந்த அவர்களுடைய ஒட்டுக்கேட்கும் பிரிவு 1942 ஜனவரியில் கொழும்புக்கு மாறியது. அங்கே ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்து வேலை செய்தார்கள் என்பதை ஆசிரியன் என்ற முறையில் நான் விசேடமாகக் குறித்து வைத்திருக்கிறேன். ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகு அந்தப் பிரிவை ஆபிரிக்காவில் மொம்பாசாவுக்குக் கொண்டுபோய், 1943இல்தான் திரும்பக் கொழும்புக்குக் கொண்டுவந்தார்கள்.

கனா அட்டவணையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஜப்பானிய எழுத்தில் 'க' என்பதன் தலையில் இரண்டு சின்னக் கீறல் போட்டால் ஒலி மெலிந்து 'ga' போல மாறும் என்று எழுத ஆங்கில எழுத்து வேண்டும். தமிழில் சொன்னால் 'பகல்' என்ற சொல்லில் வரும் ககரம் மாதிரி மாறும். இப்படி மாறும் எழுத்துக்கெல்லாம் அவர்கள் புதிய குறி உண்டாக்கவில்லை. முதலில் 'க'வை அடிப்பார்கள், அடுத்து அந்தக் கீறலுக்கு இரண்டு புள்ளி அடிப்பார்கள். எழுத்து ஒன்று, அடையாளம் ஒன்று, தனித்தனியாக. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

மோர்ஸ் அமெரிக்காவில் பிறந்தது. 1844 மே 24ஆம் திகதி வொஷிங்டனிலிருந்து போல்டிமோருக்குச் சாமுவேல் மோர்ஸ் செய்தி அனுப்பிக் காட்டினார். அவருடைய கூட்டாளி அல்பிரட் வெயில். எந்த எழுத்துக்குக் குட்டையான குறி கொடுப்பது என்பதைத் தீர்மானிக்க வெயில் தம் ஊரான மொரிஸ்டவுனில் பத்திரிகை அச்சகத்துக்குப் போய், அச்சுப் பெட்டியில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை கிடக்கிறது என்று பார்த்தார் என்று சொல்வார்கள். அச்சுக்கோப்பவர் அதிகம் பாவிக்கும் எழுத்து பெட்டியில் அதிகம் இருக்கும்தானே. 'ஈ'க்கு ஒரு புள்ளி கிடைத்தது அப்படித்தான். உலகம் முழுக்கப் பாவித்த ஒரு அட்டவணையின் அடியில் ஒரு சின்ன ஊரின் ஆங்கிலப் பத்திரிகை இருக்கிறது. பிறகு ஐரோப்பாவில் அதைத் திருத்தி, 1865இல் பாரிஸில் கூடிய நாடுகள் சர்வதேச முறையாக ஏற்றுக்கொண்டன.

அரபு எழுத்துக்கு அட்டவணை வர அவ்வளவு காலம்கூட எடுக்கவில்லை. கிரிமியா யுத்தத்தோடு உஸ்மானியப் பேரரசுக்குத் தந்தி வந்தது. ஆரம்பத்தில் செய்தி பிரெஞ்சு மொழியில்தான் போகும். துருக்கி மொழியை அன்று அரபு எழுத்தில்தான் எழுதினார்கள். அந்த எழுத்துக்கு மோர்ஸ் குறிகளைப் பொருத்தி 1856இல் அட்டவணை செய்தவர் முஸ்தபா எஃபெந்தி என்ற தந்தி அலுவலர். அதற்குப் பிறகு சுல்தானின் கட்டளை சொந்த எழுத்திலேயே கம்பியில் ஓடியது. 1900இல் டமஸ்கஸிலிருந்து மதீனாவை நோக்கித் தந்திக் கம்பி போட்டபோது அது ஹிஜாஸ் ரெயிலுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. ரெயில் மதீனாவைத் தொட்டது 1908இல்.

நம்ம நாட்டுக்குத் தந்தி 1858இல் வந்தது, கொழும்புக்கும் காலிக்கும் இடையில். அதற்கு முன்னர் காலித் துறைமுகத்துக்குக் கப்பலில் வரும் வெளிநாட்டுச் செய்திகளைச் சிலோன் ஒப்சேவர் பத்திரிகை புறாக் காலில் கட்டிக் கொழும்புக்குக் கொண்டுவந்தது. கம்பி வந்ததும் புறாக்களுக்கு ஓய்வு. கம்பியில் போனது ஆங்கில எழுத்து. தேயிலை விலை, கப்பல் வரவு, கச்சேரிக் கட்டளை, எல்லாம் அதில்தான். அதை நடத்தியவர்களுக்கு வேறு எழுத்துத் தேவைப்படவில்லை.

அதன் விளைவை நம்ம ஊர்ப் பெரியவர்கள் அனுபவித்தார்கள். கொழும்பிலும் தென்பகுதியிலும் கடை வைத்திருந்த வாப்பாமாருக்கு வீட்டிலிருந்து அவசரச் செய்தி என்றால் தந்திதான். தபால் கந்தோரில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரைப் பிடித்துப் படிவத்தை நிரப்ப வேண்டும். சொல்லுக்குச் சொல் காசு என்பதால் நாலைந்து சொல்லில் முடித்துவிடுவார்கள். தாய் கடுமை, உடனே வா என்ற அளவில்தான் இருக்கும். வந்து சேரும் இடத்தில் அதை வாசித்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். நான் சின்னவனாக இருந்த காலத்தில் தந்திச் சேவகரின் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பினாலே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். உறையைப் பிரிக்க முன்னமே மௌத்துச் செய்தி என்று தீர்மானித்துவிடுவார்கள். சிலவேளை அதற்குள் இருப்பது பரீட்சையில் பாஸ், அல்லது பிள்ளை பிறந்த செய்தி. ஆங்கிலம் தெரிந்தவர் வந்து வாசித்த பிறகுதான் அழுகை சிரிப்பாக மாறும்.

தமிழ் வசனத்தையே ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பலாம்தான். ஆனால் ஆங்கில எழுத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே 'எல்'. பள்ளி என்று எழுதினால் பல்லி என்றும் வாசிக்கலாம். வலியும் வழியும் ஒன்று. மனமும் மணமும் ஒன்று. கரியும் கறியும் ஒன்று. பக்கத்தில் நின்று பேசும்போது குரலிலும் இடத்திலும் பொருள் விளங்கிவிடும். நாலு சொல் தந்தியில் அந்த வசதி இல்லை.

இந்த இடத்தில் நம்ம முன்னோரை நினைக்க வேண்டும். ஒரு மொழியை இன்னொரு எழுத்தில் எழுதும் வேலையை அவர்கள் தந்திக்கு நெடுங்காலம் முன்னரே செய்து பழகியவர்கள். அரபுத் தமிழைச் சொல்கிறேன். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் உள்ள 28 எழுத்து தமிழுக்குப் போதாது. ட, ண, ங, ஞ, ப, ச போன்றவற்றுக்கு அங்கே நேரான எழுத்து இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? இருக்கிற அரபு எழுத்தை எடுத்து அதில் புள்ளி கூட்டினார்கள், அடையாளம் சேர்த்தார்கள். புதிய எழுத்துகள் பிறந்தன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய கிதாபுகள் அந்த எழுத்தில்தான் நம்ம வீடுகளில் ஓதப்பட்டன. பல உம்மம்மாமாருக்குத் தமிழெழுத்து வாசிக்கத் தெரியாது, அரபுத் தமிழ் தெரியும். அவர்களை எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் என்று கணக்கெடுப்புக்காரர் எழுதிக்கொண்டு போனது வேறு கதை. எழுத்துப் போதாவிட்டால் மொழியைக் குறைக்காமல் எழுத்தைக் கூட்டினார்கள் என்பதுதான் இங்கே எனக்கு முக்கியம். ஆங்கில எழுத்தில் தமிழ் தந்தி அனுப்பும்போது நடந்தது நேர்மாறு. எழுத்து அப்படியே இருந்தது, மொழியைக் குறைத்துக்கொண்டோம்.

இனிக் கணினிக்கு வருவோம்.

உயர்தர ஐசிடி வகுப்பில் பைத்தன் படிக்கும் பிள்ளைகளுக்கு மோர்ஸ் புரோகிராம் நல்ல பயிற்சி. ஓர் அகராதி மாதிரி அட்டவணையைக் கொடுத்து, வசனத்தில் உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, அட்டவணையில் அதற்கு நேரே உள்ள குறியை எடுத்து அச்சிட வேண்டியதுதான். இருபது வரிக்குள் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் 'பட்டிக்கலோ' என்று நம்ம ஊரின் பெயரைக் கொடுத்தால் உடனே புள்ளியும் கோடும் வந்துவிடும். தமிழில் மட்டக்களப்பு என்று கொடுத்தால் பிழைச் செய்தி வரும். இயந்திரத்துக்குத் தமிழ் ஆகாது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இயந்திரத்துக்கு ஒரு மொழியும் தெரியாது. நாம் கொடுத்த அட்டவணையில் தமிழ் இல்லை, அவ்வளவுதான்.

சில பிள்ளைகள் கெட்டிக்காரத்தனமாகப் பாமினியில் தட்டச்சு செய்த வசனத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். புரோகிராம் வேலை செய்தது! காரணம் ஆசிரியர்களுக்குத் தெரியும். பாமினி எழுத்துருவில் நமக்குத் தமிழ் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. 'ம'வுக்கு 'கே', 'ட'வுக்கு 'எல்', மெய்ப்புள்ளிக்கு ஆங்கில அரைப்புள்ளி என்று போகும். நம்ம வினாத்தாள்கள் எத்தனை வருடமாக இந்த வேஷத்தில் ஓடின! ஆனால் மோர்ஸில் இந்த வேஷம் ஓரிடத்தில் கலைகிறது. பாமினியில் சின்ன 'ஜி' என்றால் ப, பெரிய 'ஜி' என்றால் பு. மோர்ஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடே கிடையாது. ஆகவே மட்டக்களப்பு என்று அனுப்பினால் அந்தப் பக்கத்தில் 'மட்டக்களப்ப' என்றுதான் இறங்கும்.

சரியான வழி யுனிகோட். இங்கேதான் ஜப்பானியர் செய்த நுட்பம் திரும்ப வருகிறது. தமிழுக்கு 247 எழுத்து, அத்தனைக்கும் குறி கண்டுபிடிப்பது எப்படி என்பது எல்லோருக்கும் வரும் பயம். ஆனால் 1991இல் வெளிவந்த யுனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழை 247ஆக வைக்கவில்லை. 'கி' என்பது கணினிக்கு ஒரு எழுத்தல்ல; க ஒன்று, இகர விசிறி ஒன்று. 'க்' என்பது க ஒன்று, புள்ளி ஒன்று. மட்டக்களப்பு என்பதை நாம் எட்டு எழுத்து என்று எண்ணுகிறோம். பைத்தனைக் கேட்டால் 12 என்று சொல்லும். ம, ட, புள்ளி, ட, க, புள்ளி, க, ள, ப, புள்ளி, ப, உகரக் குறி. எண்ணிப் பாருங்கள்.

ஆகவே தேவைப்படுவது 18 மெய் வரிசை, 12 உயிர், ஒரு புள்ளி, ஓர் ஆய்தம். மொத்தம் 32. உயிருக்கும் உயிர்க்குறிக்கும் வேறு வேறு குறி வேண்டாமா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. இதற்குப் பதில் இலக்கணப் புத்தகத்தில் இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் உயிரெழுத்து முதலில்தான் தனியாக நிற்கும், நடுவில் நிற்காது (அளபெடையை விட்டுவிடுங்கள்). ஆகவே சொல்லின் தொடக்கத்தில் 'இ'யின் குறி வந்தால் அது இகரம். மெய்க்குப் பின்னால் அதே குறி வந்தால் அது விசிறி. குழப்பம் வராது. தமிழ்ப் பாட ஆசிரியர் சொன்ன விதி ஐசிடி பாடத்தில் பதினொரு குறியை மிச்சம் பிடித்துத் தந்தது. இரண்டு பாடமும் வேறு வேறு என்று நினைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்கவும்.

வேகத்தையும் கணக்குப் பார்த்தோம். மோர்ஸில் புள்ளி ஓர் அலகு நேரம், கோடு மூன்று அலகு, ஓர் எழுத்துக்குள் குறிகளுக்கு நடுவே ஓர் அலகு மௌனம், எழுத்துகளுக்கு நடுவே மூன்று அலகு. இந்தக் கணக்கில் ஆங்கிலப் பெயர் 'பட்டிக்கலோ' 91 அலகு எடுக்கும். மட்டக்களப்பு என்பதை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதினால் 13 எழுத்து, 125 அலகு. நம்முடைய எழுத்துக்கு நாமே அட்டவணை செய்து, மெய்ப்புள்ளிக்கு ஒரு புள்ளி (புள்ளிக்குப் புள்ளி, இதைவிடப் பொருத்தம் என்ன!), கவுக்கு ஒரு கோடு, உகரத்துக்கு இரண்டு புள்ளி, பவுக்கும் டவுக்கும் இரண்டிரண்டு குறி என்று கொடுத்துப் பார்த்தோம். மவுக்கு இரண்டு கோடு, ளவுக்கு நாலு குறி. மொத்தம் 81 அலகுதான் வந்தது. வெள்ளைக்காரர் சுருக்கிய பெயரைவிட நம்ம முழுப் பெயர் குறுகியது! இது இந்தச் சொல்லுக்குப் பொருந்திய அட்டவணை, எல்லாச் சொல்லுக்கும் இப்படி வராது. ஆனாலும் தமிழ் நீளம், தந்திக்கு ஒத்துவராது என்ற பேச்சுக்கு இது போதுமான பதில்.

யுனிகோடிலும் சிக்கல் இல்லாமலில்லை. 'கொ' என்பதைக் கணினியில் இரண்டு விதமாக எழுதி வைக்கலாம், கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். 'ஸ்ரீ'யும் அப்படித்தான். அதற்குரிய ஒரு எழுத்தை யுனிகோட்டில் 2005இல்தான் சேர்த்தார்கள். அதற்கு முந்திய கோப்புகளில் வேறு எழுத்து கிடக்கும். நம்ம நாட்டின் பெயரில் முதல் எழுத்தே புரோகிராமுக்கு இரண்டு முகம் காட்டுகிறது. முதலில் எல்லாவற்றையும் ஒரே விதமாக மாற்றிக்கொண்டுதான் அட்டவணையிடம் போக வேண்டும்.

உண்மையான சண்டை தொடங்கியது அதற்குப் பிறகு. 32 என்று சொன்னேன் அல்லவா, அதில் ஜ, ஷ, ஸ, ஹ இல்லை. தமிழுக்கு அட்டவணை செய்பவர் ஒருவர் இவை வடவெழுத்து, வேண்டாம் என்று விட்டுவிடலாம். விட்டால் ஹஸன் அசன் ஆவார், ஹாஜரா ஆசரா ஆவார், ஜமீலாவும் ஸைனபும் என்ன ஆவார்களோ தெரியாது. பழைய உறுதிகளிலும் பிறப்புச் சான்றிதழ்களிலும் இது நடந்திருக்கிறது. வாப்பாவின் பெயர் ஓரிடத்தில் ஒரு மாதிரி, இன்னோரிடத்தில் வேறு மாதிரி என்று காணிக் கந்தோருக்கும் ஆட்பதிவுக்கும் அலைந்தவர்கள் இந்தப் பதிவை வாசிப்பவர்களிலேயே இருப்பீர்கள். ஆகவே நாலையும் சேர்த்தோம். இப்போது 36.

ஒரு குறி முதல் நாலு குறி வரை வைத்து உண்டாக்கக்கூடியவை 2, 4, 8, 16 என்று மொத்தம் 30தான். ஆங்கிலத்துக்கு 26 போதும் என்பதால் அவர்களுடைய எழுத்தெல்லாம் நாலுக்குள் அடங்கிவிட்டது. நமக்கு ஆறு எழுத்து வெளியே நிற்கும். அவற்றுக்கு ஐந்து குறி கொடுக்க வேண்டும். ஜப்பானியரும் சில கனாவுக்கு ஐந்து குறி கொடுத்திருக்கிறார்கள், அது குற்றமில்லை. எந்த ஆறு என்பதுதான் கேள்வி.

வெயில் செய்ததையே செய்வோம், எண்ணிப் பார்ப்போம் என்று பிள்ளைகள் தமிழ்ப் பாடநூலில் சில பக்கங்களை எடுத்துக் கணினியில் எண்ணினார்கள். எதிர்பார்த்தபடி ஹவும் ஷவும் அடிமட்டத்தில் நின்றன. அப்படியென்றால் அவற்றைத்தான் வெளியே தள்ள வேண்டும், கணக்கு அப்படித்தானே சொல்கிறது என்றான் ஒருவன். இன்னொரு மாணவி, பாடநூலை எண்ணியது சரி, தந்தியில் என்ன எழுதுவார்கள் என்று கேட்டாள். தந்தியில் எழுதுவது பெயர்களைத்தான். அனுப்புபவர் பெயர், பெறுபவர் பெயர், மௌத்தானவர் பெயர். உடனே வகுப்பு வரவுப் பதிவேட்டின் பெயர்களை எண்ணினோம் (எழுத்து எண்ணிக்கை மட்டும்தான், பெயர்கள் வகுப்பை விட்டு வெளியே போகவில்லை). ஹ, ஸ, ஜ மூன்றும் மேலே ஏறிவிட்டன. அதே மொழி, அதே ஊர், எண்ணிய தாள்தான் வேறு. மொரிஸ்டவுன் அச்சுப் பெட்டி பற்றி நான் அரை மணித்தியாலம் பேசி விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக விளங்கியிருக்காது.

இப்போதைக்கு ஹவும் ஸவும் ஜவும் நாலு குறிக்குள் வந்துவிட்டன. ஐந்து குறிக்குப் போன ஆறில் ஔ, ஃ, ஞ மூன்றுக்கும் ஆட்சேபம் இல்லை. ஷவை அங்கே அனுப்பலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. பெயர் ஷகரத்தில் தொடங்கும் இரண்டு பேர் வகுப்பில் இருக்கிறார்கள், விடமாட்டோம் என்று நிற்கிறார்கள். அவர்களுக்காக ஒ அல்லது ஓவை வெளியே அனுப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஓட்டமாவடிப் பிள்ளைகள் எதிர்ப்பு.

நம்ம பகுதித் தபால் கந்தோர்களிலோ ரெயில்வே ஸ்டேஷன்களிலோ தந்தி அடித்த அனுபவம் உள்ள பெரியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள், அல்லது உங்கள் பேரப்பிள்ளைகளைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். உங்கள் கைக்கு எந்த எழுத்து இலேசாக வந்தது, எது அடிக்கடி பிழைத்தது என்பதை அட்டவணையை முடிக்க முதல் இந்தப் பிள்ளைகள் கேட்டு அறிய விரும்புகிறார்கள்.